மினுக்காத ஒரு செடி

எழுதிக்கொண்டிருக்கும் மாயாஜாலக் கதைக்காக ஒரு பொடிச் செடியை உருவாக்கியிருக்கிறேன். பெயர் திவலைப்பூடு. பெரிய மரங்களின் அடிமரத்தில் ஒட்டி வளரும். இருட்டில் ஒளிராது, பேசாது, தின்றால் செத்தவர் எழுந்து உட்காரவும் மாட்டார். கற்பனைச் செடி என்றாலே மினுக்கியாக வேண்டும் என்பது எனக்கு அலுத்துவிட்டது.

முதலில் முடிவு செய்தது, இது மரத்தின் சாற்றைத் தொடாது என்பதை. பட்டைக்குள் வேரை இறக்கி உறிஞ்சும் புல்லுருவி வேறு ரகம். ஆர்க்கிட் மாதிரியான தொற்றுத் தாவரங்களுக்கு மரம் குடியிருக்க இடம் தரும், அவ்வளவுதான். சாப்பாடு அவரவர் பாடு. சரி, மண்ணும் இல்லை, மழை விட்டதும் பட்டையும் காய்ந்துவிடும். தண்ணீருக்கு எங்கே போவது?

இங்கேதான் நிஜத்திலிருந்து திருடினேன். மரத்தில் வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி வெலாமன் என்று ஓர் உறை உண்டு. முற்றிய பிறகு அதன் செல்கள் செத்து வெறும் கூடாக நிற்கும். காய்ந்திருக்கும்போது வெள்ளி நிறம். நனைந்தால் நீரை மளமளவென்று இழுத்துக்கொள்ளும், உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். டேனியோஃபில்லம் வகை ஆர்க்கிட்டுகள் இன்னும் ஒரு படி மேலே. இலை என்று சொல்லும்படி எதுவும் கிடையாது, ஒளிச்சேர்க்கையையும் வேரே பார்த்துக்கொள்கிறது. படித்ததும் திவலைப்பூட்டின் இலைகளைக் கழற்றிவிட்டேன். இப்போது அது பட்டையோடு பட்டையாகப் படர்ந்த நாலைந்து சாம்பல் வேர், நடுவில் ஒரு பூ. பூ 2 மில்லிமீட்டர். நம்ப முடியாத அளவில்லை. பிளாட்டிஸ்டெல் ஜங்கர்மன்னியாய்டிஸ் என்ற ஆர்க்கிட்டின் பூவே ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர்தான். (செடியை விடப் பெயர் நீளம்.)

இதில் எதிர்பாராத லாபம், கதையே நகர ஆரம்பித்தது. வழி தவறிய நாயகி வேரின் நிறத்தைப் பார்த்து, அந்தப் பக்கம் மழை பெய்து எவ்வளவு நேரமாகிறது என்று கணக்குப் போடுகிறாள். வில்லன் விதையைத் திருடிக்கொண்டு போய்த் தன் தோட்டத்து மரங்களில் எல்லாம் தூவுகிறான். ஒன்றும் முளைக்கவில்லை. ஆர்க்கிட் விதை தூசு மாதிரி. முளைக்கும்போது சாப்பிட உள்ளே சேமிப்பு கிடையாது, ஏற்ற பூஞ்சை ஒன்று வந்து ஊட்டினால்தான் உண்டு. திவலைப்பூட்டுக்கும் அதே விதியை வைத்துவிட்டேன். வில்லனுக்கு இது தெரியாது. நாயகிக்குத் தெரியலாமா என்பதைத்தான் அடுத்த அத்தியாயத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்.