கார்த்திகை முடியறதுக்குள்ள

2024 நவம்பர் 6, புதன்

சாயங்காலம் வால்டாக்ஸ் ரோடு. சென்ட்ரல் மதிலை ஒட்டி வரிசையாகக் குடும்பங்கள். நீலத் தார்ப்பாய் கட்டியிருக்கும் குடும்பத்தோடு ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆயா, அவர் மகன், மருமகள், மூன்று பிள்ளைகள். மகன் மீன்பாடி வண்டி, அதாவது சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டி, மிதிக்கிறார். மருமகள் பத்ரியன் தெருவில் உதிரிப்பூ வாங்கி வந்து கட்டி விற்கிறார். ஆயா பிறந்ததே இந்த பிளாட்பாரத்தில். "எங்கம்மா என்ன இங்கதான் பெத்துச்சு. நானும் இவன இங்கதான் பெத்தேன்" என்று ஒரு மின்கம்பத்தைக் காட்டினார். சிலர் சொந்த ஊரைக் காட்டுவதுபோல.

பெரியவளுக்குப் பதினாலு வயசு, ஒன்பதாவது படிக்கிறாள். ஆகஸ்டில் வயசுக்கு வந்திருக்கிறாள். அன்றிலிருந்து அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. ராத்திரி முழுக்க மதிலில் சாய்ந்து, பிள்ளையின் கால்மாட்டில் உட்கார்ந்தே இருக்கிறார். விடியற்காலை நாலு மணிக்கு, கூட்டம் சேருமுன், இரண்டு பேரும் கட்டணக் கழிப்பறைக்குப் போய்க் குளித்துவிட்டு வருகிறார்கள்.

"பெரிய வூடெல்லாம் வாணாம்கா. உள்ளாற தாப்பா போடற மாதிரி ஒரு கதவு இருந்தா போதும்."

நோட்டில் வேறொன்றும் எழுதவில்லை. "ஆறு பேர், ஒரு கதவு" என்று மட்டும் எழுதிக்கொண்டேன்.

நவம்பர் 9, சனி

அலுவலகத்தில் கூட்டம். நாங்கள் வீடில்லாதவர்களுக்காக வேலை செய்கிற சின்ன அறக்கட்டளை: ஓட்டேரியில் ஆறு அறை கொண்ட பழைய வீடு ஒன்று, நான்கு களப்பணியாளர்கள். ஓர் அறைக்கு ஒரு குடும்பம், ஆறு மாதம் தங்கலாம். ஆறும் நிறைந்திருக்கிறது. ஜனவரிக்கு முன் எதுவும் காலியாகாது.

உடன் வேலை செய்பவர் ஒரு வழி சொன்னார். பெண்ணை விடுதியில் சேர்ப்போம். அம்மா, ஆயா, கடைக்குட்டி பெண்கள் காப்பகத்துக்கு. பன்னிரண்டு வயசுப் பையனை அங்கே எடுக்க மாட்டார்கள், அவன் அப்பாவோடு ஆண்கள் காப்பகத்துக்கு. காகிதத்தில் பார்த்தால் ஆறு பேருக்கும் கூரை கிடைத்துவிடுகிறது.

நான் மறுத்தேன், கொஞ்சம் சத்தமாகவே. இந்தக் காப்பகங்கள் சும்மா வந்தவை அல்ல. வீடில்லாதவர்களுக்காக, நகரத்தில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு காப்பகம், வருஷம் முழுக்க, இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் உத்தரவிட்ட பிறகு வந்தவை. பெருமழை ராத்திரியில் தனியாளான பெரியவர்களைக் கைத்தாங்கலாக அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அந்த இடம் இல்லையென்றால் அவர்களில் பலர் பிழைத்திருக்க மாட்டார்கள். ஆனால் இந்த ஆறு பேரும் தனியாட்கள் அல்ல. மூன்று தலைமுறையாக ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற குடும்பம். வெயில், மழை, லாரி, போலீஸ், ரவுடி எதுவும் பிரிக்காத அவர்களை, உதவி என்ற பேரில் நாம் மூன்றாகப் பிரிப்பதா?

கடைசியில் வாடகை வீடு பார்ப்பது என்று முடிவாயிற்று. முன்பணத்தில் ஒரு பகுதியை அறக்கட்டளை வட்டியில்லாமல் தரும். மாதம் ஆயிரமாக அவர்கள் திருப்பித் தரவேண்டும். வீட்டுக்காரருக்கு நாங்கள் பொறுப்புக் கடிதம் கொடுப்போம்.

இதையெல்லாம்விட முக்கியமான கெடு ஒன்றை ஆயா வைத்திருக்கிறார்: "மார்கழி பொறந்துட்டா குடி போவ மாட்டோம். கார்த்திகை முடியறதுக்குள்ள பாரு." டிசம்பர் 16 மார்கழி ஒன்று. ஐந்து வாரம் இருக்கிறது.

நவம்பர் 16, சனி

வாக்காளர் சிறப்பு முகாம். பாலத்தடியில் இருக்கும் இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு இருபது வயசு, ஐந்தாம் மாதம், தலைப்பிரசவம். பட்டியலில் பெயர் சேர்க்க இருவருக்கும் படிவம் 6 எழுதினோம். முகவரிக் கட்டத்தில் பாலத்தின் பெயரும் எத்தனையாவது தூண் என்பதும்.

வீடில்லாதவர்களுக்கு முகவரிச் சான்று கட்டாயமில்லை. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் நேரில் வந்து, சொன்ன இடத்தில்தான் படுக்கிறார்களா என்று பார்க்கவேண்டும், அதுவும் ஒரு நாளோடு விடாமல். தேர்தல் ஆணையத்தின் இந்த விதியை முதன்முதலில் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஒருவர் தூங்குகிற இடமே அவருடைய முகவரி என்று ஒத்துக்கொள்ளும் அரசுத் தாள் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

அவளுக்கு பிக்மி நம்பர், அதாவது கர்ப்பப் பதிவு எண், போட்டாகிவிட்டது. அது இல்லாவிட்டால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழே சிக்கலாகிவிடும். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகங்களும் சேர்த்துப் பதினெட்டாயிரம் ரூபாய் வரும். பணம் வர வங்கிக் கணக்கு வேண்டும், கணக்குக்கு ஆதார் வேண்டும். ஆதாரில் அம்மா வீட்டு முகவரி இருக்கிறது, அந்த வீடு இப்போது இல்லை. திங்களன்று வங்கிக்குப் போகவேண்டும்.

நவம்பர் 20, புதன்

ராத்திரி பத்தரை. அலுவலர் வந்தார். பகலில் பள்ளி ஆசிரியை, கையில் டார்ச். தூங்குகிறவர்களைத் தட்டி எழுப்பாமல் ஓரமாக நின்று கூப்பிட்டார். பாலத்தடிப் பையன் சட்டையை மாற்றிக்கொண்டு பாயில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். "படுத்துக்கோப்பா, நீ படுத்திருந்தாத்தான் எனக்குச் சரி" என்றார் ஆசிரியை. மறுபடியும் ஒருநாள் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

நவம்பர் 24, ஞாயிறு

நாலு வீடு பார்த்தோம். நாலும் இல்லை.

முதல் வீட்டில் ஆறு பேர் என்றதும் தண்ணீர் போதாது என்றார்கள். ரெண்டாவது வீட்டில் பத்து மாத அட்வான்ஸ். வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக்கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. அதைச் சொன்னேன், "அப்ப சட்டத்துக்கிட்டயே வூடு கேளு" என்றார். மூன்றாவதில் வேலை என்ன, சொந்த ஊர் எது, என்ன ஆளுங்க என்று கேள்வி அடுக்கிக்கொண்டே போனது. கடைசிக் கேள்வியில் நாங்களே எழுந்துவிட்டோம். நாலாவதில் எல்லாம் பேசி முடித்து, எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரிந்ததும் போனை எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது ஒரு தப்பு செய்தேன். "எங்க இருக்கீங்கன்னு கேட்டா பார்க் டவுன்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். பொய் இல்லைதான், வால்டாக்ஸ் ரோடு அங்கேதான் இருக்கிறது. ஆயா என்னையே பார்த்தார். பதில் பேசவில்லை. பாலத்தடித் தூணை முகவரியாக எழுதியதற்கு அத்தனை பூரித்தவள், இங்கே ஆயாவின் முகவரியை மறைக்கச் சொன்னேன். இதை எழுதும்போதும் உறுத்துகிறது.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். காலையிலிருந்து விடாத மழை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். முந்தின ராத்திரியே வரிசையில் இருந்தவர்களை ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றியிருந்தோம். வண்டிக்காரர் மட்டும் வரவில்லை. வண்டி போனால் பிழைப்பு போயிற்று. சங்கிலியால் அதைக் கம்பத்தில் கட்டி, மேலே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார். மத்தியானம் சாம்பார் சாதப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தபோது முழங்காலளவு தண்ணீரில் வண்டியின் மேலே குந்தியிருந்தார்.

பள்ளிக்கூட வராந்தாவில் பெரியவள் அரையாண்டுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். பாலிதீன் பைக்குள் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் புத்தகம். பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும் என்று அவளாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள். நான் சொல்லித் தரவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

கிடைத்துவிட்டது. கொருக்குப்பேட்டை, சந்துக்குள், மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, சின்னச் சமையல்கட்டு. குளியலறை மூன்று குடித்தனத்துக்குப் பொது. வாடகை ஐயாயிரம், அட்வான்ஸ் முப்பதாயிரம். கரண்டுக்கு யூனிட் ஒன்பது ரூபாய். சமையல்கட்டு போக அறை பத்துக்குப் பன்னிரண்டு. காப்பகத்துக்கான மத்திய அரசின் விதிமுறையில் ஆளுக்கு ஐம்பது சதுர அடி என்று இருக்கிறது. அந்தக் கணக்குப்படி இவர்களுக்கு முந்நூறு வேண்டும், இருப்பது நூற்றிருபது. பாதிகூட இல்லாத இந்த இடத்தைத்தான் சந்தோஷமாகப் பேசி முடித்தேன். வேறு வழி தெரியவில்லை.

வீட்டுக்கார அம்மா, "எந்த ஏரியா?" என்றார். நான் வாயைத் திறக்குமுன் ஆயா முந்திக்கொண்டார்: "வால்டாக்ஸ் ரோடு. பிளாட்பாரம்."

அந்த அம்மா ஆயாவிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "வாடக நின்னா நீங்க குடுப்பீங்களா? கையெழுத்துப் போட்டு எழுதித் தருவீங்களா?" தருவோம் என்றேன். "சரி, ஞாயித்துக்கெழம வரச் சொல்லு." பத்திரத்தில் பதினோரு மாத ஒப்பந்தமும் எழுதித் தரச் சம்மதித்தார். ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் முகவரி மாற்ற இந்தத் தாள் தேவைப்படும்.

முப்பதாயிரத்தில் இருபது எங்களுடையது. மீதிப் பத்தில் ஆறாயிரம் ஆயா சுருக்குப் பையிலிருந்து எண்ணிக் கொடுத்தார். நாலாயிரத்துக்கு மருமகள் தண்டல்காரரிடம் போய்விட்டார். எனக்கு இன்றுதான் தெரிந்தது. தினம் நூறு ரூபாய் கட்டவேண்டும். முதலிலேயே கேட்டிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருக்கலாம், நான் கேட்கவில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மீன்பாடி வண்டியில் ஒரே நடையில் எல்லாம் வந்துவிட்டது. ரெண்டு டிரங்குப் பெட்டி, அலுமினியப் பாத்திரங்கள், பாய், சாமி படம், பூக்கூடை, ஒரு சைக்கிள் டயர். பால் காய்ச்சினார்கள். பொங்கி வழிந்தபோது ஆயா கையெடுத்துக் கும்பிட்டார். கடைக்குட்டி கதவைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடிக்கொண்டே இருந்தான். யாரும் அதட்டவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

தீபம். நேற்றெல்லாம் மழை, சாயங்காலம் விட்டிருந்தது. பெரியவள் நிலைப்படியில் ரெண்டு அகல் ஏற்றியிருந்தாள். மதிலோரத்தில் எத்தனை முறை ஏற்றினாலும் பஸ் போகிற காற்றில் அணைந்துவிடுமாம். அவள் அம்மா உள்ளே சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஆறரை மணிக்கே. எழுப்பாமல் வந்துவிட்டேன்.

டிசம்பர் 21, சனி

சாவியைக் கொடுத்ததோடு வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிற நன்கொடையாளர்களுக்கு இந்த இரண்டு வாரத்தைக் காட்டவேண்டும்.

பொதுக் குளியலறையில் தகராறு: பக்கத்துக் குடித்தனம் இவர்களுக்குத் தனி பக்கெட் என்கிறது. போய்ப் பேசினேன், பாதிதான் தீர்ந்தது. பையன் நாலு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை, பஸ் ஏறத் தெரியாமல் பாதி வழியில் திரும்பியிருக்கிறான். ரெண்டு நாள் நானே கூடப் போனேன். அம்மாவுக்குச் சாதாரண பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் பூ வியாபாரம் தப்பித்தது. தண்டலை அலுவலகத்தில் பேசி அடைத்துவிட்டோம். அந்த நாலாயிரமும் இப்போது எங்கள் கணக்கில் சேர்ந்துகொண்டது.

ஆயாதான் கவலை. தினமும் காலையில் வால்டாக்ஸ் ரோட்டுக்குப் போய் அந்தக் கம்பத்தடியில் உட்கார்ந்துவிடுகிறார். மூன்று ராத்திரி வீட்டுக்கே வரவில்லை. மகன் என்னிடம் கோபப்பட்டார்: "நீங்க சொல்லுங்க மேடம், நாங்க சொன்னா கேக்கல."

போய்க் கேட்டேன். "அங்க யாரு கண்ணு என்னான்னு கேக்கறாங்க? இங்க டீக்கடக்காரன் கேக்கறான், போலீசு கேக்குது, எதிர்ல கீற அது கேக்குது." எதிர்ப்புறம் அவர் வயதுள்ள இன்னொரு கிழவி, கையில் டீ கிளாஸோடு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் இங்கேயே பிறந்தவர்தான்.

வீட்டுக்கு வாங்க என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. எழுபது வருஷத்து அக்கம்பக்கத்தை நான் எந்த முன்பணத்தில் வாங்கித் தருவேன்?

டிசம்பர் 29, ஞாயிறு

ஆயாவுக்கும் மகனுக்கும் ஓர் உடன்பாடு. காலையில் மகனோடு மீன்பாடி வண்டியில் ஏறிக் கம்பத்தடிக்கு வருவார். சாயங்காலம் அதே வண்டியில் வீட்டுக்கு. மழை ராத்திரியில் கட்டாயம் வீட்டில்தான் படுக்கவேண்டும், இது பேத்தி போட்ட நிபந்தனை. மற்ற ராத்திரிகளைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

பாலத்தடிப் பெண்ணுக்கு நாளை ஸ்கேன், ஆர்.எஸ்.ஆர்.எம் அரசு மகப்பேறு மருத்துவமனையில். எட்டு மணிக்கு முன்னாடியே வரிசையில் நிற்கவேண்டும். ஜனவரியில் ஓட்டேரியில் ஓர் அறை காலியாகிறது. பிரசவம் முடிந்து கைக்குழந்தையோடு அவள் அந்தத் தூணுக்கே திரும்பக்கூடாது என்று கூட்டத்தில் கேட்டிருக்கிறேன். அவள் புருஷனையும் சேர்த்துத்தான் கேட்டிருக்கிறேன்.