ஆறு கதைதான், மாற்றி மாற்றிப் போடுவார்கள்

தெருமுனையில் புதிதாக ஒரு கேமரா முளைத்தால் போதும், "ஆர்வெல் அன்றைக்கே சொல்லிட்டார்" என்று யாராவது பதிவு போட்டுவிடுகிறார்கள். குறை சொல்லவில்லை, நானும் போட்டிருக்கிறேன், அதுவும் ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை நூறு பக்கம்கூடத் தாண்டாமல் மூடிவைத்திருந்த நாட்களில். போன மாதம்தான் ஒருவழியாகப் படித்து முடித்தேன். கண்காணிப்பு, சித்திரவதை, எல்லாரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற தலைவரான 'பெரியண்ணன்' எல்லாம் கேட்டுக் கேட்டுப் பழகிப்போனவை என்பதால் பெரிதாக உலுக்கவில்லை. என்னைப் பிடித்து நிறுத்தியது யாரும் அதிகம் பேசாத ஒரு சின்ன இயந்திரம்.

அந்தக் கதையில் ஆளும் கட்சிக்காரர்களின் வீட்டுச் சுவரில் டெலிஸ்கிரீன் என்று ஆளையே வேவு பார்க்கிற ஒரு திரை இருக்கும், சத்தத்தைக் குறைக்கலாம், அணைக்க முடியாது. இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் மக்கள்தொகையில் 85 சதவீதமாக இருக்கிற 'ப்ரோல்' என்ற உழைக்கும் மக்களில் பெரும்பாலோர் வீட்டில் அது கிடையாது! இவர்களைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்கிற அலட்சியம்தான். (இந்த இடத்தில் ஆர்வெல் தப்புக்கணக்கு போட்டுவிட்டார். இன்றைக்கு டீக்கடையில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறவரின் பத்து ரூபாயும் எங்கோ பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது.) அவர்களுக்கு பீர், கால்பந்து, லாட்டரி, அப்புறம் பாட்டு. அந்தப் பாட்டை எழுத ஆள் கிடையாது. 'வெர்சிஃபிகேட்டர்' என்று ஒரு கருவி, மனிதக் கை படாமல் அதுவே வரிகளைக் கோத்துத் தள்ளும்.

கதாநாயகன் வின்ஸ்டனின் காதலி ஜூலியாவுக்கு வேலையே நாவல் எழுதும் இயந்திரத்தின் மோட்டாரைப் பார்த்துக்கொள்வதுதான். படிப்பதில் அவளுக்குப் பெரிய ஆர்வம் இல்லை, ஜாம் மாதிரி, ஷூ லேஸ் மாதிரி புத்தகமும் ஒரு சரக்கு. ஆபாசப் புத்தகம் தயாராகும் பிரிவில் மொத்தமே ஆறு கதைதான், கொஞ்சம் மாற்றி மாற்றிப் போடுவார்கள் என்று அவளே சொல்கிறாள். நம் டிவி சீரியல்கள் ஞாபகத்துக்கு வந்தன, சரி, அது ஏழாவது கதை.

புத்தகம் வந்தது 1949-ல். ஸ்காட்லாந்துப் பக்கம் ஜூரா என்ற தீவில் காசநோயோடு உட்கார்ந்து எழுதியவர், அது வெளியாகி எட்டு மாதம் முடிவதற்குள் 46 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எங்கள் குடும்ப வாட்ஸாப் குழுவில் சமீபத்தில் அண்ணிக்கு ஒரு பிறந்தநாள் பாட்டு வந்தது. அண்ணன் மகன் அவர் பெயர், ஊர், அவர் வைக்கிற மீன்குழம்பு என்று நாலு விஷயத்தைத் தட்டிவிட, ஏதோ ஒரு செயலி நாதஸ்வரம், தவிலோடு முழுப் பாட்டாகவே கொடுத்துவிட்டது. எல்லாரும் இதயம் போட்டோம். சங்கடம் என்னவென்றால் பாட்டு மோசமாக இல்லை. 2024-ல் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டுக்கு மறைந்த பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவரின் குரலையும் செயற்கை நுண்ணறிவு வழியாக ரஹ்மான் கொண்டுவந்தபோது எவ்வளவு வாக்குவாதம் நடந்தது! அங்கேயாவது மெட்டுப் போட ஒருவர் இருந்தார், குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கினார்கள், அவர்களுக்குப் பணமும் போனது. அண்ணியின் பாட்டில் அனுமதி கேட்கக்கூட ஆள் இல்லை.

ஆர்வெல்லின் உலகத்தில் மக்களை மந்தமாக வைத்திருக்க அரசாங்கம் மெனக்கெட்டு ஒரு துறையே நடத்துகிறது. இங்கே யாரும் மெனக்கெடவில்லை, நாமேதான் தட்டிக் கேட்டு வாங்கிக்கொள்கிறோம். இந்த விஷயத்தில் ரே பிராட்பரியின் 'ஃபாரன்ஹீட் 451' இன்னும் கிட்டே வருகிறது. அதில் புத்தகம் எரிக்கும் படையின் தலைவர் பீட்டி சொல்வார்: இது அரசாங்க உத்தரவில் தொடங்கியதே இல்லை, ஜனங்கள் தாங்களாகவே படிப்பதை விட்டார்கள், எரிப்பதெல்லாம் அப்புறம் வந்தது. கதாநாயகனின் மனைவி ராத்திரி முழுக்கக் காதில் சிப்பி போன்ற ரேடியோவைச் செருகிக்கொண்டு படுத்திருப்பாள். 1953-ல் எழுதியது இது. பெரிய தமாஷ் என்னவென்றால், 1967-ல் பள்ளிக்கூடப் பதிப்புக்காக இந்த நாவலிலேயே 75 இடங்களில் பதிப்பகம் கைவைத்திருக்கிறது, ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். மாணவர்கள் கடிதம் போட்ட பிறகுதான் பிராட்பரிக்கே விஷயம் தெரிந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது '1984'-இல் வருகிற ஒரு முற்றத்தில். வாயில் கிளிப்புகளைக் கவ்விக்கொண்டு, குழந்தைத் துணிகளைக் கொடியில் போட்டபடி ஒரு பருத்த பெண்மணி பாடுகிறாள். அந்த இயந்திரம் எழுதிய குப்பைதான். ஆனாலும் அவள் பாடும்போது கிட்டத்தட்ட நன்றாகவே இருக்கிறது என்று எழுதுகிறார் ஆர்வெல்.

போன வாரம் அம்மா கீரை ஆய்ந்தபடி அந்தப் பிறந்தநாள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பாதி வரி மறந்துபோய், மீன்குழம்பு வருகிற இடத்தில் தன் இஷ்டத்துக்குப் புளியைக் கூட்டி என்னென்னவோ சேர்த்துப் பாடினாள், எனக்கு அது பிடித்திருந்தது. ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டால் தெரியவில்லை. நாவலில் அந்தப் பெண்மணியின் பாட்டு சட்டென்று நின்றுபோகிறது, துணி துவைக்கிற தொட்டி முற்றத்தில் உருளுகிற சத்தம் கேட்கிறது, மாடியில் நின்றுகொண்டிருக்கிற வின்ஸ்டனையும் ஜூலியாவையும் பிடிக்க ஆட்கள் வந்துவிட்டார்கள்.