சந்து முனையிலிருந்து இடது பக்கம்

ஏப்ரல் 27, 2025

தண்ணீர் வேண்டும் என்பதற்கு அப்பா "சாவி" என்றார். நானும் முட்டாள் மாதிரி கைப்பையில் சாவியைத் தேடினேன்.

ஏப்ரல் 28

பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண்ணுக்கு மிஞ்சிப்போனால் இருபத்தைந்து வயது இருக்கும். சென்னைப் பெண். பக்கவாதத்தில் பெயர்கள் போனாலும் சின்ன வயதிலிருந்து வரிசையாகச் சொல்லிப் பழகினது பல பேருக்கு நாக்கில் மிஞ்சி இருக்குமாம். ஒன்று இரண்டு மூன்று, ஞாயிறு திங்கள், அப்படி. "எங்க, தமிழ் மாசமெல்லாம் சொல்லுங்க சார்."

"ஆடி," என்றார்.

அவள் காத்திருந்தாள்.

"சித்திரை. ஆவணி..." கொஞ்சம் திணறல். "மூலம். மாசி. வெளி."

தாளில் ஒரு பெருக்கல் குறி விழுந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தது. அது மாசமில்லைம்மா, தெரு. கோயிலுக்குள் ஆடி வீதி, வாசல் தாண்டினால் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதைச் சுற்றி மாசி வீதி, கடைசியில் கோட்டையை இடித்த இடத்தில் வெளி வீதி. மனுஷன் மீனாட்சி சந்நிதியிலிருந்து ஒரு தப்படி தவறாமல் நடந்து வெளியே வந்திருக்கிறார்.

பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது.

ஏப்ரல் 29

மதுரையில் கொடியேற்றம். காப்பீட்டுக்காரர்கள் இன்னும் ஒரு தாள் கேட்கிறார்கள்.

ஏப்ரல் 30

நானே ஒரு பயிற்சி கண்டுபிடித்தேன். வடக்கு மாசி வீதியில் எங்கள் சந்து முனையில் நிற்பதாக வைத்துக்கொள்ள வேண்டும். இடது பக்கம் திரும்பினால் முதல் கடை?

"பாய்."

பாய் பெட்டிக்கடை. எண்ணெய்ப்பிசுக்கு ஏறின கண்ணாடி ஜாடிகளில் தேன்மிட்டாய், கமர்கட், பல்லிமிட்டாய். அடுத்தது?

"சைக்கிளு."

மணிக்கணக்கில் வாடகை சைக்கிள். எங்கள் உயரத்துக்கு ஒரே ஒரு சிவப்பு வண்டி, அதுக்கு எப்போதும் செயின் கழன்றிருக்கும். அடுத்தது?

"லாலா." காராசேவு, அல்வா. அப்பா சம்பள நாளில் மட்டும் அங்கே நிற்பார்.

அடுத்தது?

நின்றுவிட்டார். இடது கையைத் தூக்கி விரல்களுக்கு நடுவில் எதையோ உருட்டுகிற மாதிரி சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு அதைத் தாண்டி, "மில்லு. அண்ணாச்சி," என்று முடித்துவிட்டார்.

மாவு மில், அண்ணாச்சி மளிகை, சரி. லாலா கடைக்கும் மில்லுக்கும் நடுவில் என்ன இருந்தது? எனக்கும் வரவில்லை. பதினெட்டு வருஷம் அதைத் தாண்டித்தான் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனேன்.

மே 2

அண்ணனிடம் கேட்டேன். தையல்காரர் என்கிறான், சத்தியம் செய்கிறான். அது புதுமண்டபத்துத் தையல்காரர் அண்ணே, எனக்குப் பாவாடை தைத்தது அங்கேதான் என்றேன். அந்தக் கடைகளையே குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்களே என்று பேச்சு அங்கே போய்விட்டது. பத்து நிமிஷம் பேசினோம், அப்பாவைப் பற்றி இரண்டு நிமிஷம்.

அண்ணாச்சி கடை எதுக்கு இவ்வளவு துல்லியமாக ஞாபகம் இருக்கிறது? மேலே கட்டின நூல்கண்டு, இழுத்தால் இறங்கி வரும். பேப்பரைக் கூம்பாய்ச் சுருட்டி, துவரம்பருப்பைக் கொட்டி, நூலை மூன்று சுற்று சுற்றி ஒரே இழுப்பில் அறுப்பார். கொசுறாக ஒரு துண்டு வெல்லம். நாலணா செல்லாமல் போனது 2011இல். அண்ணாச்சி அதுக்கு முன்பே போய்விட்டார்.

மே 4

தூக்கமில்லை. வீட்டை நான்தான் காலி பண்ணச் சொன்னேன். போன தையில். "இங்கன என்னத்தா குறைச்சல்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். நான் பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தேன், பதில் சொன்னேனா என்று தெரியவில்லை. கீழமாசி வீதி மொத்தக்கடையில் முப்பத்தொரு வருஷம் கணக்கு எழுதின மனுஷன். இங்கே அடுக்குமாடியில் நாலாவது மாடி, கீழே இறங்கினால் கார் நிறுத்தம்.

அம்மா இருந்தால் அது என்ன கடை என்று அடுப்படியிலிருந்தே சொல்லியிருப்பாள்.

மே 6

லெண்டிங் லைப்ரரி? இல்லை, அது எதிர்ச்சாரி.

மே 8

திருக்கல்யாணம். டிவி பார்த்தார். வார்டில் ஒரு மதுரைக்கார அம்மா திரைக்குப் பின்னால் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டார். எனக்கும் ஒரு கயிறு நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

மே 9

தேர். சித்திரைத் திருவிழாத் தேர் ஏன் மாசி வீதியில் ஓடுகிறது என்று பயிற்சிப் பெண் கேட்டாள். முன்பு மாசியில்தான் தேர், திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார், தெரு மட்டும் பழைய பெயரோடு நின்றுவிட்டது என்று சொன்னேன். இப்போதெல்லாம் அவள் குறித்துக்கொள்கிறாள்.

அப்பா தேரைப் பார்க்கவில்லை. திரையின் ஓரத்தைப் பார்த்தார். நானும்தான். அவ்வளவு பெரிய தேர் கடைகளையெல்லாம் மறைத்துக்கொண்டு நகர்கிறது. சீக்கிரம் நகர்த்துங்கப்பா என்று முணுமுணுத்தேன். மீனாட்சி மன்னிக்கட்டும்.

மே 10

அண்ணன் யாரையோ அனுப்பிப் போட்டோ எடுத்திருக்கிறான். லாலா கடை இருந்த இடத்தில் செல்போன் கவர். மில் இருந்த இடத்தில் ஏடிஎம். நடுவில் இறக்கின ஷட்டர், அதன்மேல் பல் மருத்துவமனை விளம்பரம். ஷட்டர் இவ்வளவு குறுகலா? ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரலாம், அவ்வளவுதான்.

போட்டோவைக் காட்டினேன். கை மறுபடி சுற்றியது. "நூலு," என்றார்.

அண்ணனுக்குச் சொன்னால் தலைகால் புரியாது, பார்த்தியா தையல்காரர் என்பான். அப்பாவிடம் "தையலாப்பா?" என்றேன். இல்லை என்று தலையாட்டினார். எரிச்சலாய்.

மே 11

பில். பேசவே பிடிக்கவில்லை.

மே 12

அழகர் ஆற்றில் இறங்கிவிட்டார். டிவியில் தங்கக் குதிரை, தலைக்கு மேல் குடை. அப்பா கையைச் சுற்றினார். "குடை," என்றார், தெளிவாக.

குடை ரிப்பேர்! கம்பியில் துணியை நூல் போட்டுத் தைத்து, விரித்து, காம்பை உருட்டிச் சுற்றிப் பார்ப்பாரே ஒரு தாத்தா, மழைக்காலம் முழுக்க அந்தப் பொந்தில் குந்தியிருப்பாரே. இருந்தாரா? அல்லது இப்போது நானே அவரை அங்கே உட்கார வைக்கிறேனா? அப்பா சொன்னது அழகர் குடையாகவும் இருக்கலாம். தண்ணீராகவும் இருக்கலாம்.

டம்ளரை நீட்டினேன். குடித்தார்.

அண்ணன் போனை எடுக்கவில்லை.