45,000 ரேண்ட் சைக்கிளுக்கு எந்தப் பூட்டு?

விலையைச் சொன்னதும் வீட்டுக்காரர் சிரித்தார். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்த மனுஷர். "இந்தக் காசுக்குப் பழைய கார் வருமே தம்பி!" காருக்கும் பூட்டுத் தொல்லை உண்டு அங்கிள் என்றேன்.

சைக்கிள் விலையில் பத்தில் ஒரு பங்கைப் பூட்டுக்கு ஒதுக்கு என்பார்கள். எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை இல்லை. திருடனுக்கு எந்த இடத்தில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதுதான் கணக்கு.

கடையில் இனாமாகத் தந்த கேபிள் பூட்டை முதலில் ஒதுக்கிவிட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் முறுக்கிய கம்பி, அவ்வளவுதான். நல்ல கட்டர் ஒன்று போதும். இப்போது ஹெல்மெட்டைக் கட்டி வைக்க உதவுகிறது.

வெளியே போகும்போது யூ லாக், அதாவது U வடிவ இரும்புப் பூட்டு. பெரிய யூ வாங்காதீர்கள். உள்ளே இடம் மிஞ்சினால் ஜாக்கியைச் செருகி நெம்பிவிடுவார்கள். பின்சக்கரம், ஃபிரேம், கம்பம் மூன்றையும் பிடிக்கும் அளவு இருந்தால் போதும். பூட்டின் குறுக்குத்தண்டு யூவின் இரு கால்களிலும் பூட்டிக்கொள்கிறதா என்றும் பாருங்கள். அப்படியானால் ஒரு வெட்டில் கழன்று வராது, இரண்டு வெட்டு வேண்டும். கம்பத்தையும் அண்ணாந்து பாருங்கள். குட்டையான போர்டு கம்பம் என்றால் பூட்டோடு சேர்த்து மேலே தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

பிரிட்டனின் 'சோல்டு செக்யூர்' என்ற அமைப்பு பூட்டுகளைச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போடுகிறது. நான் தங்கத்தோடு நிறுத்திக்கொண்டேன். இரும்பை அறுக்கும் ஆங்கிள் கிரைண்டரையே திணறடிக்கும் ஹிப்லாக் டி1000 போன்றவையும் உண்டு, ஆனால் 1.8 கிலோ. டர்பனை ஒட்டிய உம்லாங்காவில் என் ஆபீஸ் பேஸ்மெண்டில் காவலாளி இருக்கிறார். கிரைண்டர் சத்தம் கேட்டால் வந்துவிடுவார். அங்கே அந்தச் சுமை எதற்கு?

ராத்திரி வீட்டில்தான் திருடனுக்கு அவகாசம். மின்வெட்டு வந்தால் மின்வேலியும் அலாரமும் பேட்டரி தாங்கும் வரைதான். அதனால் கராஜ் சுவரில் இரும்புக் கொக்கி பதித்து, தடித்த சங்கிலி போட்டிருக்கிறேன். தூக்கிக்கொண்டு அலையப் போவதில்லை, எவ்வளவு கனமாக இருந்தால் என்ன?

டர்பன் உப்புக்காற்று இன்னொரு எதிரி. சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கும்படி பூட்டுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டவே வேண்டாம் (அம்மா போனில் சொன்ன யோசனை). கடற்கரை மணல் ஒட்டி அடைத்துவிடும். கிராஃபைட் தூள் நல்லது.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது மறித்துப் பிடுங்கினால் எந்தப் பூட்டும் உதவாது. வண்டியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அதற்குத்தான் இன்சூரன்ஸ். வீட்டுப் பாலிசியில் சைக்கிளைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள், பெடல் அச்சுக்கு அடியில் இருக்கும் சீரியல் நம்பரோடு. பூட்டோடு சாவி எண் அட்டை வந்தால் அதையும் போட்டோ எடுத்து வையுங்கள். சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி வாங்க அந்த எண்ணைத்தான் கேட்பார்கள்.