சாமி போகும் வழி, தண்ணீர் வராத வழி

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகா அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த காலத்தில், புரட்டாசி பிறந்தால் எனக்கு வேறு வேலை ஓடாது. நவராத்திரிக்குச் சாமி திருவனந்தபுரம் போக வேண்டும். தேவாரக்கட்டு சரஸ்வதி, வேளிமலை குமாரசுவாமி, சுசீந்திரம் முன்னுதித்த நங்கை மூவரும் பத்மநாபபுரத்தில் புறப்பட்டு, குழித்துறையில் இரவு தங்கி, மறுநாள் கேரள எல்லையான களியக்காவிளை தாண்டுவார்கள்.

ஊர்வலம் புறப்படும் பத்மநாபபுரம் அரண்மனை இருப்பது தமிழ்நாட்டில், அதைப் பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அதன் உப்பரிகை மாளிகையில் திருவிதாங்கூர் மன்னரின் உடைவாள் கைமாறும்போது இரண்டு அரசின் ஆட்களும் நிற்பார்கள், இரண்டு போலீஸும் மரியாதை செலுத்தும். எங்களுக்கு வருவது சில்லறை வேலைதான். சரஸ்வதி யானைமேல் வருவதால், தாழத் தொங்கும் கேபிள் ஒயரையெல்லாம் முதல்நாளே தூக்கிக் கட்டச் சொல்ல வேண்டும். வழிநெடுக மக்கள் தட்டில் காணிக்கை வைத்துக் கும்பிடும் தட்டுப் பூஜை என்பதால் குறித்த நேரத்துக்கு ஊர்வலம் வந்து சேராது. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து போன் வரும்.

"சாரே, எங்க வந்தாச்சு?"

"மார்த்தாண்டமே தாண்டல."

"சரி, மெல்ல வரட்டு."

அவ்வளவுதான். கடிதம், நகல், நினைவூட்டு எதுவும் கிடையாது. போன வருஷம் யார் எதைச் செய்தார்களோ, இந்த வருஷமும் அவர்களே செய்வார்கள். 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது எல்லை வந்தது. சாமி போகிற முறை அதற்கும் முந்தியது.

ஆனால் பண்பாடு ஒன்றானால் எல்லாம் சரியாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்களை எங்கள் தாலுகா விவசாயிகளிடம் ஒருதரம் கூட்டிவர வேண்டும். கேரளத்தின் நெய்யாறு அணையிலிருந்து எங்கள் வயல்களுக்கு வரும் இடதுகரைக் கால்வாயில் கேரளம் 2004-ல் தண்ணீரை நிறுத்தியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த அணையும் நாங்கள் ஒரே ராஜ்யமாக இருந்தபோது போட்ட திட்டம்தான். ஆக, பழைய உறவு மட்டும் போதாது. ஊர்வலத்தில் யாருக்கும் நஷ்டமில்லை, இரண்டு பக்கமும் பெருமைதான். தண்ணீர் அப்படியா? திறந்தால் ஒருவன் கணக்கில் குறையும்.

ஒரு வருஷம் குழித்துறையில் காத்திருக்கும்போது, நெய்யாற்றின்கரையிலிருந்து வந்திருந்த வருவாய்த்துறைக்காரரிடம் கால்வாய்ப் பேச்சை எடுத்தேன். அவருக்கும் விவசாயக் குடும்பம்தான். "அது நம்ம கையில நிக்காது சாரே" என்றார். அப்புறம் யானைக்கு எந்த இடத்தில் தண்ணீர் வைப்பது என்று பேசி முடிவு செய்தோம்.