ஆடியில் ஒரு கோலாலம்பூர் டிக்கெட்

மலேசியா போய் வந்ததிலிருந்து பத்துமலை முருகன் கோயில் எப்படி இருந்தது என்று யாரும் என்னிடம் கேட்பதில்லை. டிக்கெட் எவ்வளவு, எப்போது போட்டாய் என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு ஆளுக்குப் போக வர 12,000 ரூபாய்க்குள் முடிந்தது, திரும்பும்போது போட்ட பெட்டி உட்பட, என்று சொன்னால் உடனே அடுத்தது வரும்: செவ்வாய்க்கிழமை ராத்திரி புக் பண்ணினாயா? செவ்வாய் ராத்திரி போட்டால் மலிவு என்கிற இந்தக் கிழமைக் கதையை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது. புக் பண்ணும் கிழமையால் எனக்கு ஒரு ரூபாய்கூடக் குறைந்ததில்லை. பறக்கும் கிழமை வேறு விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன். எனக்கு விலை குறைந்தது மாதத்தால். நாங்கள் போனது ஆடியில்.

அம்மாவுக்கு இதில் துளியும் சம்மதமில்லை. "ஆடியில யாருடா வெளியூர் கிளம்புவா, தை பொறக்கட்டும், போலாம்" என்றார். விஷயமே அதில்தான் இருக்கிறது. திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் பல அம்மாக்கள் இப்படியே சொல்வதால்தான் ஆடியில் அந்த விமானத்தில் இடம் மிஞ்சுகிறது, இடம் மிஞ்சினால் விலை இறங்குகிறது.

திருச்சி ஒன்றும் பெருநகரம் இல்லை. ஆனாலும் ஆசியான், அதாவது மலேசியா, சிங்கப்பூர் மாதிரித் தென்கிழக்கு ஆசிய நாட்டு விமானங்கள் தாராளமாக வந்து போகலாம் என்று பெருநகரங்கள் தவிர்த்து இந்தியா திறந்துவிட்ட 18 ஊர்களில் திருச்சியும் ஒன்று, மதுரை அதில் இல்லை (மதுரைக்காரர்கள் இதைப் படித்துப் பல்லைக் கடிப்பது தெரிகிறது, நியாயமான கோபம்தான்). அதனால் ஏர்ஏசியா, பேட்டிக் ஏர், சிங்கப்பூருக்கு ஸ்கூட் என்று மலிவு விமானங்கள் இங்கே வரிசையாக வருகின்றன. அவற்றில் ஏறுகிறவர்களில் சுற்றுலாப் பயணிகள் ஒரு பங்குதான். மிச்சமெல்லாம் வேலைக்குப் போகிறவர்கள், விடுப்பில் வருகிறவர்கள், கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் குலதெய்வக் கோயிலுக்கும் வந்து போகிற மலேசியச் சொந்தங்கள். இந்த ரூட்டின் விலை ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள எந்தச் செயலியையும்விட வீட்டில் தொங்கும் தினசரிக் காலண்டர் உதவும். வைகாசி, ஆவணி முகூர்த்த நாட்களுக்கு முன்னும் பின்னும் ஏறும். தீபாவளிக்கு ஏறும். தை மாதம் கேட்கவே வேண்டாம், பொங்கல், சீனப் புத்தாண்டு விடுமுறை, தைப்பூசம் எல்லாம் சில வார இடைவெளியில் வந்து விழும். ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவரை ஆடி. முகூர்த்தம் கிடையாது, எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் திறந்துவிடுகிறது. பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் சில நாள் லீவ் லெட்டர் கொடுத்தோம், அது வேறு கதை.

இதற்குள்ளேயே இன்னொரு சங்கதி உண்டு. மலிவு விமானங்களில் போக ஒரு விலை, வர ஒரு விலை, இரண்டும் தனித்தனி, சேர்த்து வாங்கினால்தான் குறையும் என்ற பழைய கணக்கு இங்கே இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரம் கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு வரும் டிக்கெட் யானை விலை, அதே விமானம் திரும்பிப் போகும்போது விலை பாதிகூட இருக்காது. பொங்கல் முடிந்ததும் இது அப்படியே தலைகீழ். கூட்டம் வரும் திசைக்கு எதிர்த்திசையில் பயணம் வைத்துக்கொள்ள முடிந்தவர் பாக்கியசாலி.

சரி, விலை எப்படி ஏறுகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரியாமல் பலர் கம்ப்யூட்டர் தன்னை வேவு பார்க்கிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஏர்ஏசியாவின் ஏர்பஸ் ஏ320 விமானத்தில் பொதுவாக 180 சீட். அந்த 180-க்கும் ஒரே விலை கிடையாது, படிப்படியாகப் பிரித்து வைத்திருப்பார்கள்: அடிப்படியில் கொஞ்சம் சீட், அது விற்றதும் அடுத்த படி, அப்புறம் அதற்கு மேல். நேரம் குறையக் குறைய, கடைசி நேரத்தில் ஓடி வருகிறவர் எவ்வளவு கேட்டாலும் கொடுப்பார் என்று மேல் படிகளை அவருக்காகவே வைத்திருப்பார்கள். சாவு, ஆஸ்பத்திரி, வேலை உத்தரவு என்று கிளம்புகிறவர் பேரம் பேசவா போகிறார்? அதனால் கடைசி நாளில் காலி சீட்டைச் சல்லிசாகத் தள்ளிவிடுவார்கள் என்று காத்திருப்பது இந்த மாதிரி விமானங்களில் பெரும்பாலும் வீண். ஏர் டெக்கான் என்ற பழைய மலிவு விமான நிறுவனம் 1 ரூபாய் டிக்கெட் விற்று நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்ததே, அதிலும் இதே கணக்குத்தான், அடிப்படியை மட்டும் ஊரறியத் தரையில் வைத்தார்கள்.

நீங்கள் பார்த்துவிட்டு மறுநாள் வந்தால் விலை ஏறியிருப்பது, இடையில் யாரோ அந்தப் படியைக் காலி செய்ததால் இருக்கும். மறைநிலை (இன்காக்னிட்டோ) விண்டோவில் தேடுங்கள், குக்கீயை அழியுங்கள் என்பதெல்லாம் மனத் திருப்திக்கு. அதைவிட உபயோகமானது ஒன்று இருக்கிறது. நாலு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது அடிப்படியில் இரண்டு சீட்டுத்தான் மிச்சம் என்றால், பெரும்பாலும் நாலு பேருக்கும் மேல் படி விலையையே காட்டிவிடும். ஒருவருக்கு மட்டும் போட்டுப் பாருங்கள், அப்புறம் இரண்டு. எங்களுக்கு இப்படித்தான் வித்தியாசம் தெரிந்தது, நானும் அம்மாவும் ஒரு புக்கிங், மனைவியும் மகளும் இன்னொன்று என்று பிரித்துப் போட்டோம். நேரம் மாற்றினாலோ ரத்தானாலோ இரண்டு புக்கிங்குக்கும் தனித்தனியாக அலைய வேண்டியிருக்கும் என்பது இதிலுள்ள தொல்லை. சில நூறு ரூபாய்க்காக என்றால் செய்ய மாட்டேன், எங்களுக்கு அதைவிட மிஞ்சியது.

நாங்கள் வாங்கியது சித்திரைக் கடைசியில், அதாவது பயணத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்பு. அதற்கு முன்பே கூகுள் ஃபிளைட்ஸில் விலை எச்சரிக்கை வைத்து, ஸ்கைஸ்கேனரில் முழு மாதத்தையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். புதன் ராத்திரி போய் அடுத்த வாரம் வியாழன் திரும்பினால் ஒரு விலை, வெள்ளி போய் ஞாயிறு வந்தால் வேறு விலை. கிழமையால் பலன் வருவது இந்த இடத்தில்தான். இந்தியர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் மலேசியாவில் 30 நாள் வரை விசா வேண்டாம் என்று ஆனதும் ஒரு பெரிய வசதி. விசா கிடைக்குமா என்ற கவலையோடு திருப்பித் தராத டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்கூட்டி வாங்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. இப்போது கிளம்பும் முன் இணையத்தில் வருகை அட்டையை நிரப்பினால் போதும், அங்கே போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள் செய்யச் சொல்கிறார்கள்.

தள்ளுபடி அறிவிப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்ஏசியாவின் இலவச சீட் விற்பனை மாதிரி வருவதில் அடிப்படைக் கட்டணம்தான் இலவசம், விமான நிலைய வரியும் கட்டணங்களும் நம் தலையில். பயணத் தேதிகளும் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ தள்ளித்தான் இருக்கும். தேதி பற்றிக் கவலையே இல்லாதவருக்கு அது சொர்க்கம். பெட்டி, சீட் தேர்வு, சாப்பாடு என்று ஒவ்வொன்றாக டிக் பண்ணிக்கொண்டே போனால் கடைசிப் பக்கத்தில் சாதா விமானத்தின் விலையே வந்து நிற்கும், ஆகவே விலையை ஒப்பிடுவதாக இருந்தால் பணம் கட்டும் பக்கம்வரை போய்த்தான் ஒப்பிட வேண்டும். கையில் எடுத்துப்போக ஏர்ஏசியாவில் 7 கிலோ, ஸ்கூட்டில் 10 கிலோ. போகும்போது நாங்கள் பெட்டி போடவில்லை. அம்மா ஊறுகாயை விட்டுவர மனமில்லாமல் நின்றது தனிக் காட்சி.

ஆடியில் மலேசியா எப்படி? கோலாலம்பூர் பக்கத்துக் கிள்ளானில் பெரியப்பா மகள் இருக்கிறார், ஜாலான் தெங்கு கெலானாவில் லிட்டில் இந்தியா முழுக்கப் புடவைக் கடை, பூமாலை, நகைக்கடை. "தம்பி, தைப்பூசத்துக்கு வந்திருக்கலாமே" என்று அக்கா குறைப்பட்டார். வாரநாள் காலையில் பத்துமலையின் 272 படியையும் அம்மா நிதானமாக, யாரும் முட்டாமல் மோதாமல் ஏறியதைப் பார்த்த பிறகு எனக்கு எந்தக் குறையும் இல்லை. தைப்பூசக் கூட்டத்தில் அம்மாவைக் கூட்டிப்போகும் துணிச்சல் எனக்கு இல்லை.

பினாங்குக்கும் மலிவு விமானம் இருக்கிறது, ஒரு மணி நேரம்கூடப் பறக்காது. கணக்குப் போட்டேன். கே.எல். சென்ட்ரலிலிருந்து விமான நிலையத்துக்கு எக்ஸ்பிரஸ் ரயிலில் மட்டும் ஆளுக்கு 55 ரிங்கிட், அங்கே முன்கூட்டிப் போய்க் காத்திருப்பு, இறங்கியதும் ஜார்ஜ் டவுனுக்கு வண்டி. இதற்கு இ.டி.எஸ் என்ற மின்சார ரயிலில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த் போய், ஸ்டேஷன் பக்கத்திலேயே படகேறி அக்கரைக்குப் போவது எல்லா விதத்திலும் மேல், அம்மாவுக்கும் படகு பிடித்துவிட்டது. சில நேரம் எப்போது புக் பண்ணலாம் என்பதற்குப் பதில், புக் பண்ண வேண்டாம் என்பதுதான்.

திரும்பும்போது மைலோ டின்னும் கோடாலித் தைலமும் பிஸ்கட்டும் சேரும் என்று தெரிந்து, டிக்கெட் போடும்போதே வரும் வழிக்கு மட்டும் பெட்டி எடையை வாங்கியிருந்தேன். விமான நிலைய கவுண்டரில் அதே எடைக்குக் கேட்பது பல மடங்கு. எங்கள் முன்னால் ஒரு குடும்பம் தரையில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு எதை விடுவது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது.

தேதி கல் மாதிரி மாறாதவர்களுக்கு ஆடிக் கணக்கு உதவாது. தைப்பூசமோ கல்யாணமோ என்றால் தேதி தெரிந்த அன்றே வாங்கிவிடுவதுதான், தள்ளுபடி அந்த வாரத்தைத் தொடாது. ரொம்ப முன்னால் வாங்குவதிலும் ஆபத்து உண்டு, உறவினர் ஒருவர் பத்து மாதம் முன்பு வாங்கிய விமானத்தை நிறுவனமே எடுத்துவிட்டு, அடுத்த நாளுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது. முகூர்த்தம் முடிந்த பிறகு போய் என்ன செய்வது? அதனால் நான் முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்பே போய்ச் சேருவது மாதிரிதான் பார்ப்பேன். கிள்ளான் அக்கா மகளுக்கு அடுத்த தையில் கல்யாணம் என்று போன வாரம் போன் வந்தது. விலையைப் பார்த்தால் ஆடி மாதத்து விலையைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். வாங்கிவிட்டேன்.