ஹார்டு டாப்பை இறக்கி சாஃப்ட் டாப் போடும் முன்

ஏலகிரி, ஜவ்வாது மலைப் பக்கம் ஜீப் ஓட்டுகிறவர்களில் பலருக்கு ஃபைபர் கூரையை, அதாவது ஹார்டு டாப்பைக் கழற்றிவிட்டுத் துணி டாப் (சாஃப்ட் டாப்) போட ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் கடைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "மீட்டர் என்ன விலை?" என்பதுதான். துணியைச் சில வருஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். அடியில் இருக்கும் கம்பி கோணலாக இருந்தால் எந்தத் துணி போட்டாலும் தண்ணீர் தேங்கும், காற்றில் படபடக்கும், தையல் பிரியும். கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு கம்பிக்கும் தையலுக்கும் போகட்டும். மிச்சத்துக்கு என்ன துணி வருமோ அதை வாங்குங்கள்.

இங்கே சொல்வது மஹிந்திராவின் எம்எம் 540, 550, மேஜர், 2010-ல் வந்த முதல் தலைமுறை தார் மாதிரி வண்டிகளுக்கு. துணி டாப்போடு வாங்கி, பிறகு வெளியே ஃபைபர் டாப் மாட்டிய வண்டிகள் இவற்றில் நிறைய உண்டு. முதல் வேலையாக ஆர்சி புத்தகத்தில் பாடி வகை என்று என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சாஃப்ட் டாப் என்று இருந்தால் நீங்கள் பழைய நிலைக்குத் திரும்புகிறீர்கள், அவ்வளவுதான். கம்பெனியிலிருந்தே ஹார்டு டாப்பாக வந்த வண்டி என்றால் கதை வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவும், அதை ஒட்டி 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்கின்றன. 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்காமல் அந்த வண்டியில் கை வைக்காதீர்கள். எந்த வண்டியானாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு கடிதம் கொடுத்துவிடுவது நல்லது.

கழற்றும் வேலை அரை நாள். முந்தின நாள் ராத்திரியே எல்லா போல்ட்டிலும் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். பெரும்பாலும் 8 எம்எம் போல்ட்தான், 13-ம் நம்பர் ஸ்பேனர் போதும். முன் கண்ணாடி பிரேமின் மேல் விளிம்பில் சில, பாடியின் இரண்டு பக்க விளிம்பிலும் வரிசையாகச் சில, பின் மூலைகளில் சில என்று இருக்கும். உள்ளே ரிவெட் நட் (தகட்டு ஓட்டையிலேயே பதித்து இறுக்கிய நட்) போட்டிருந்தால் போல்ட்டோடு சேர்ந்து நட்டும் சுற்றும். அப்போது பலம் கொடுத்துத் திருகினால் பாடித் தகட்டில் ஓட்டைதான் பெரிதாகும். போல்ட் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, புது நட் வைப்பதுதான் வழி.

தூக்குவதற்கு முன் வயரைப் பாருங்கள். ரூஃப் லைட், பின் வைப்பர், ஸ்பீக்கர் என்று ஏதாவது ஒன்று டாப்போடு ஓடும். அதைவிட முக்கியம் சீட் பெல்ட். மேல் கொக்கி ரோல் பாரில் (வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்பு வளைவில்) இருக்கிறதா, இல்லை யாரோ அதை ஃபைபர் டாப்பில் திருகி வைத்திருக்கிறார்களா? டாப்பில் இருந்தால் ரோல் பார் போட்டு பெல்ட்டை அங்கே மாற்றும் வரை வேலையை நிறுத்துங்கள். துணி டாப்பின் கம்பி வண்டி கவிழ்ந்தால் யாரையும் காப்பாற்றாது. அது துணியைத் தாங்க மட்டும்தான்.

டாப் அசையாமல் நின்றால் போல்ட் மிச்சமிருக்கிறது, இல்லையேல் சீலன்ட் பிடித்திருக்கிறது. கடப்பாரை வேண்டாம். மெல்லிய கத்தியையோ மீன்பிடி நரம்பையோ இடுக்கில் விட்டு அறுத்துக்கொண்டே வரலாம். மூலைக்கு ஒருவராக நான்கு பேர் சேர்ந்து நேராகத் தூக்கி, பின்பக்கமாக நகர்த்த வேண்டும். ஒட்டியிருக்கும் பசையை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் தேய்த்து எடுக்கலாம். தின்னர் போட்டால் பசையோடு பெயின்ட்டும் வரும்.

இனி கம்பி. முக்கால் இன்ச் அல்லது ஒரு இன்ச் குழாய், தகட்டின் கனம் 16 கேஜ், போதுமானது. வளைக்கும்போது குழாய் நசுங்காமல் இருக்க பைப் பெண்டரில் வளைக்கச் சொல்லுங்கள். சூடு காட்டி முழங்காலில் வைத்து வளைப்பவரிடம் கொடுக்காதீர்கள். வெல்டிங் முடிச்சுகளை கிரைண்டர் வைத்து வழவழப்பாக்கி, பிரைமர் அடித்து, குழாய் முனைகளை மூட வேண்டும். துணி முதலில் கிழியும் இடம் கம்பி உரசும் இடம்தான். அங்கெல்லாம் கம்பிக்கு ஃபோம் உறை, துணிக்கு அடியில் இன்னொரு அடுக்கு.

ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு மேல் இடைவெளி விட்டால் அந்த இடம் தொய்ந்து குளமாகும். இங்கே பலரும் விட்டுவிடுகிற ஒரு சாமான் உண்டு: பெல்ட் நாடா. 2 இன்ச் பாலியெஸ்டர் நாடா இரண்டு வரிசை, முன் கண்ணாடி பிரேமிலிருந்து ஒவ்வொரு கம்பியிலும் சுற்றிப் பிடித்து, பின் மூலை வரை இழுத்துக் கட்ட வேண்டும். கம்பிகளை அதனதன் இடத்தில் நிறுத்துவது இந்த நாடாதான். நாடா இல்லாவிட்டால் அந்த இழுவை முழுக்கத் தையல் மேல் விழும். நைலான் நாடா வேண்டாம், நனைந்தால் நீளும்.

துணிக்கு வருவோம். 54 இன்ச் அகலத்தில், கதவுத் துணியும் சேர்த்து, சுமார் 8 முதல் 10 மீட்டர் பிடிக்கும். பிவிசி பூசிய கனமான துணி தண்ணீரை நன்றாகத் தடுக்கும், கழுவ எளிது, ஆனால் மூச்சு விடாது. பருத்தி கேன்வாஸ் உள்ளே குளுமை, ஆனால் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்துக் கரும்புள்ளி விழும். வேலூர் வெயிலுக்கு எங்கள் ஓட்டு பிவிசிக்குத்தான், அதுவும் கறுப்பு வேண்டாம். காக்கி அல்லது சாம்பல். சோஃபாவுக்குப் போடும் ரெக்சினை மட்டும் தலையில் கட்டினால் வாங்காதீர்கள். வெயிலைத் தாங்கும்படி செய்ததல்ல அது. சீக்கிரமே விறைத்து வெடிக்கும்.

தையல்தான் டாப்பின் உயிர். சாதாரண மெஷினில் தைத்தால் கீழ்த் துணி நகரும், மேல் துணி வழுக்கும், கடைசியில் மேல் துணி அரை இன்ச் மிஞ்சிச் சுருங்கும். மேலிருந்தும் இழுத்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மெஷின் வேண்டும். ஷூவும் தோல் பொருளும் தைக்கிற ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை இருக்கும்போது நம் பக்கத்தில் இதற்குப் பஞ்சமில்லை. தடித்த பாலியெஸ்டர் நூல், 18 முதல் 21 வரை நம்பர் ஊசி, பெரிய ஜிப் எல்லாம் அங்கேயே கிடைக்கும். தையல் பொடியாக இருந்தால் உறுதி என்று நினைக்கிறவர்கள் அதிகம். பிவிசியில் அது தலைகீழ். இன்ச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு குத்து விழுந்தால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழிந்து வரும். இன்ச்சுக்கு ஆறு, ஏழு போதும். இரண்டு ஓரத்தையும் ஒன்றுக்குள் ஒன்று மடித்து இரட்டைத் தையல் போட வேண்டும். மடிப்பின் வாய் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கட்டும். முன்நோக்கி இருந்தால் ஓடும்போது காற்றே மழைநீரை உள்ளே தள்ளிவிடும்.

ஜன்னலுக்கு ஒரு மில்லிமீட்டர் கனத்தில் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிவிசி ஷீட், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். அரை மில்லிமீட்டர் ஷீட் மலிவு, ஆனால் சீக்கிரம் சுருங்கி அலை அலையாகத் தெரியும், பின்னால் வரும் லாரியே நெளியும். சுருட்டும்போது நடுவில் பழைய பருத்தி வேட்டித் துண்டு வைத்துச் சுருட்டுங்கள், மடிக்கவே கூடாது. மார்கழிக் காலையில் ஏலகிரி மேலே அது விறைத்துக் கிடக்கும், அந்த நேரத்தில் சுருட்டினால் கீறல் விழும். அமோனியா கலந்த கண்ணாடி கிளீனர் போட்டால் மங்கும். தண்ணீரும் கொஞ்சம் ஷாம்புவும் போதும்.

ஜிப் 10-ம் நம்பர், பிளாஸ்டிக் பல். உலோகப் பல் துருப்பிடிக்கும், பல்லுக்குப் பதில் சுருள் வைத்த காயில் ஜிப்பில் கல் குவாரித் தூசி புகுந்தால் நகராது. நகராத ஜிப்புக்கு எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம், தூசி இன்னும் ஒட்டும். பல் பிரஷ்ஷும் தண்ணீரும் வைத்துத் தேய்த்து, காய்ந்ததும் மெழுகுவர்த்தியை ஓட்டினால் சரியாகிவிடும்.

மாட்டும் நேரமும் ஒரு விஷயம். பிவிசி சூட்டில் இளகி நீளும், குளிரில் இறுகும். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்கு இழுத்துப் பிடித்து டிச் பட்டன் அடித்தால், மார்கழியில் பட்டனும் குமிழும் சேராது. வலுக்கட்டாயமாகச் சேர்த்தால் பட்டனைச் சுற்றித் துணி பிய்யும். காலை ஒன்பது, பத்து மணி சரியான நேரம். துணியைக் கம்பி மேல் விரித்து ஒரு மணி நேரம் வெயிலில் விடுங்கள், மடிப்பெல்லாம் தானாக நீங்கிவிடும். பிறகு முன் கண்ணாடி பிரேமின் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும், அடுத்து பின்பக்கம், கடைசியில் பக்கவாட்டு. பட்டன் இடத்தைச் சாக்பீஸால் குறித்து, எல்லாப் பக்கமும் ஒருமுறை பார்த்த பிறகே ஓட்டை போட வேண்டும். கடைக்காரர் அவசரப்படுத்துவார். விடாதீர்கள்.

முடிந்ததும் உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்கார, வெளியே ஒருவர் ஹோஸ் பிடித்துப் பத்து நிமிஷம் அடிக்கட்டும், கீழிருந்து மேலாக. முதலில் மேலே அடித்தால் எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் மூன்று இடம்: கண்ணாடி பிரேமின் மேல் மூலை, கதவுக்கு மேலே துணி திரும்பும் முனை, பழைய ஹார்டு டாப் போல்ட் ஓட்டைகள். முதல் இரண்டுக்கும் ஃபோம் ரப்பர் பட்டை. ஓட்டைகளுக்கு ரப்பர் வாஷரோடு சின்ன போல்ட் போட்டு, சுற்றிலும் சீலன்ட். ஓட்டையை அப்படியே விட்டால் பாடி விளிம்புக்குள் தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும்.

ஏசி முன்பு போலக் குளிராது. 80-க்கு மேல் நாற்கரச் சாலையில் பேச்சே கேட்காது. பூட்டு என்று ஒன்று இல்லை, ஆர்சியும் டூல்ஸும் போல்ட் போட்ட இரும்புப் பெட்டிக்குள் போகட்டும். ஏலகிரியில் சாப்பாட்டுப் பொட்டலத்தை உள்ளே தெரியும்படி வைத்துவிட்டு இறங்காதீர்கள். குரங்குக்கு அந்த ஷீட் ஜன்னல் ஒரு தடையே இல்லை.

இறக்கிய ஃபைபர் டாப்பை விற்காமல் வைப்பதானால், நிழலில், நாலு பழைய டயர் மேல், வண்டியில் இருந்த அதே நிலையில் வையுங்கள். சுவரில் சாய்த்து வைத்தால் வெயில் காலத்தில் மெல்ல முறுக்கிக்கொள்ளும், திரும்ப மாட்டும்போது போல்ட் ஓட்டை நேர் வராது. கழற்றிய போல்ட், வாஷர் எல்லாவற்றையும் எந்த இடத்துப் போல்ட் என்று எழுதிய கவரில் போட்டு டாப்புக்குள்ளேயே டேப் போட்டு ஒட்டிவிடுங்கள்.